இறுக்கக் கூடாத நட்டு: பாம்பன் வல்லம் ஒன்றில் நாலு மாத வேலை

படகு: 30 அடி ஃபைபர் வல்லம் (நாட்டுப்படகு). இன்ஜின்: ஒற்றைச் சிலிண்டர் டீசல், ஓடும்போது நிமிடத்துக்கு 1500 சுற்று. ஷாப்ட்: 32 மி.மீ. புகார்: ராத்திரி வலை வாங்க (போட்ட வலையை இழுக்க) போனால் விடிவதற்குள் படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்.

சம்மாட்டி அண்ணன், அதாவது படகுக்காரர், என் பட்டறைக்கு வந்தது சித்திரை பிறந்த வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், ஷாப்ட் நிமிர்த்த, புஷ் மாற்ற, அடிபட்ட புரொப்பெல்லரைத் தீட்ட என்று எல்லாரும் அந்த வாரம்தான் வந்து நிற்பார்கள். வல்லத்துக்கு அந்தத் தடை கிடையாது. "அவுங்க எல்லாம் ரெண்டு மாசம் கரையில கெடப்பாங்க தம்பி. நான் நாளைக்கு ராத்திரியே போகணும்" என்றார். அவருடைய அவசரமும் என் மேசையில் குவிந்து கிடந்த மற்ற வேலைகளும் சேர்ந்து என்னை ஒரு தப்புச் செய்ய வைத்தன. அதைப் பிறகு சொல்கிறேன்.

படகு கட்டியிருந்த இடத்துக்கே போனேன். இன்ஜினுக்குப் பின்னால் டார்ச்சோடு குப்புறப் படுத்துப் பார்த்தால் தண்ணீர் வரும் வழி உடனே தெரிந்தது. கிளாண்ட்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்ஜினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் ஷாப்ட், படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, ஷாப்டைச் சுற்றி மசகு ஊறிய கயிற்றை வளையம் வளையமாக அடைத்து வைப்பார்கள். அதன் மேல் பித்தளையில் ஒரு அமுக்கு வளையம். இரண்டு பக்கமும் இரண்டு ஸ்டட் (தலையில்லாத போல்ட்டு), அவற்றில் நட்டு. நட்டைத் திருப்பினால் வளையம் கயிற்றை அமுக்கும், கயிறு ஷாப்டைப் பிடிக்கும். ஆனால் முழுசாகப் பிடிக்கக் கூடாது. ஷாப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் உள்ளே கசிய வேண்டும், அந்தத் தண்ணீர்தான் கயிற்றுக்குக் குளிர்ச்சி. சொட்டே இல்லாமல் இறுக்கினால் கயிறு கருகும், ஷாப்டில் பள்ளம் விழும். தளர விட்டால் படகு நிறையும்.

ஆக, அந்த நட்டு நிற்க வேண்டிய இடம் "இறுக்கமும்" இல்லை, "லூசும்" இல்லை. விரலால் திருப்பி, அதற்கு மேல் பானாவால் (ஸ்பேனரால்) கொஞ்சம். அங்கேயே நிற்க வேண்டும், நிமிடத்துக்கு 750 தடவை உதைக்கிற ஒரு இன்ஜின் பக்கத்தில். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. மணிக்கு 45,000 உதை, எட்டு மணி நேர ஓட்டத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல்.

நான் பார்த்தது இது: இடது நட்டு மூன்று சுற்றுப் பின்னால் வந்திருந்தது. 10 மி.மீ. ஸ்டட்டில் சாதாரண மரை (திருகுப் புரி), சுற்றுக்கு ஒன்றரை மி.மீ. நகரும். மூன்று சுற்றென்றால் நாலரை மி.மீ. வலது நட்டு அரைச் சுற்றுதான் வந்திருந்தது. வளையம் கோணலாக நின்று, அதன் ஒரு விளிம்பு ஷாப்டில் உரசிப் பளபளவென்று ஒரு கோடு போட்டிருந்தது. ஒவ்வொரு நட்டுக்கும் மேலே பூட்டு நட்டு ஒன்று இருந்திருக்க வேண்டும். இடது பக்கத்துப் பூட்டு நட்டு அடியில் எண்ணெய்த் தண்ணீருக்குள் கிடந்தது, கையை விட்டுத் துழாவி எடுத்தேன். வலது பக்கத்தது விரலாலேயே சுற்றியது. இரண்டு ஸ்பிரிங் வாசர், துரு ஏறி, ஒன்று இரண்டாக உடைந்து.

அண்ணனிடம் கேட்டதில் முன்கதை வந்தது. முதலில் நட்டு கழன்றபோது அவரே ஒரு நீளப் பானா வைத்து "இனி கழலவே கூடாது" என்று இறுக்கியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் கயிறு தீய்ந்த நாற்றம், புகை. கயிற்றை மாற்றிவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று ஸ்பிரிங் வாசர் போட்டிருக்கிறார். அதுவும் கழன்றது. அதன் பிறகுதான் என்னிடம்.

ஸ்பிரிங் வாசர் மேல் நம் ஊரில் இருக்கும் நம்பிக்கை எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். மோட்டார் பம்பு முதல் மிதிவண்டி வரை எதில் நட்டு கழன்றாலும் முதல் பதில் அதுதான். அதன் பிளந்த முனை இரும்பைக் கடித்துக்கொண்டு திருப்பத்தைத் தடுக்கும் என்று நினைக்கிறோம். சரியாக இறுக்கிய போல்ட்டில் அந்த வாசர் தட்டையாக அமுங்கிவிடுகிறது. அதற்கப்புறம் அது ஒரு சாதாரண வாசர், அவ்வளவுதான். நாசா 1990-ல் வெளியிட்ட, போல்ட்டு, நட்டு போன்ற பிணைப்பு உறுப்புகளுக்கான வடிவமைப்புக் கையேடு, பூட்டுவதற்கு இந்த வகை வாசர் பயனற்றது என்று நேராகவே எழுதிவிட்டது. கிளாண்டில் முழுசாக அமுங்காதே, அங்கேயாவது உதவாதா என்றால், கொஞ்சம் உதவும். ஆனால் உப்புத் தண்ணீரில் அந்தக் கடினமான ஸ்பிரிங் எஃகு துருப்பிடித்து உடைந்துவிடும். நான் கையில் வைத்திருந்த துண்டே சாட்சி.

நட்டு ஏன்தான் கழல்கிறது? மரை ஒரு சரிவு. உருளையைச் சுற்றி ஏறும் சாய்வான பாதை. 10 மி.மீ. சாதாரண மரையில் அந்தச் சாய்வு ஏறக்குறைய 3 டிகிரிதான். எண்ணெய் படாத இரும்பும் இரும்பும் உரசும் பிடிப்பை வைத்துக் கணக்குப் போட்டால், 10 டிகிரி சாய்வு வரைக்கும் நட்டு தானாக வழுக்கி இறங்காது. அப்படியென்றால் கழலவே கூடாதே?

கரையில் ஏற்றி வைத்த வல்லத்தைக் கடலில் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணல் சரிவில் படகு தானாக இறங்காது. பத்துப் பேர் நேராகத் தள்ளினாலும் முரண்டு பிடிக்கும். அணியத்தில் (படகின் முன்பக்கம்) நாலு பேர் நின்று இடமும் வலமுமாக ஆட்டிக் கொடுத்தால், ஆட்டும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவில் நழுவும். பக்கவாட்டில் வழுக்கும் அந்தக் கணத்தில், சரிவில் பிடித்து வைக்கவும் பிடிப்பு மிச்சம் இருப்பதில்லை. நட்டிலும் இதேதான். போல்ட்டு பிடித்து வைத்திருக்கும் இரண்டு துண்டுகள் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தால், மரையிலும் நட்டின் அடியிலும் இருந்த பிடிப்பு அந்தப் பக்கம் செலவாகிவிடும். உள்ளே இருக்கும் இழுவிசையே நட்டைச் சரிவில் பின்னுக்குத் தள்ளிவிடும். ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் இதைச் சோதனை எந்திரத்தில் செய்து காட்டினார். நீளவாக்கில் இழுத்து இழுத்து விடுவதைவிடக் குறுக்காக ஆட்டுவதுதான் நட்டுக்கு எமன். இன்றைக்கும் பூட்டு வாசர்களையும் பூட்டு நட்டுகளையும் சோதிக்கும் முறைக்கு அவர் பெயர்தான்.

இங்கே ஒரு சிக்கல். அவர் சொன்ன மருந்து, குறுக்கே வழுக்கவே முடியாத அளவுக்கு இறுக்கு என்பது. கிளாண்டுக்கு அந்த மருந்து விஷம். அந்த நட்டில் இழுவிசை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அதனால் பிடிப்பும் இல்லை. அதிர்வில் குலுங்கிக் குலுங்கித் தன் இஷ்டத்துக்குத் திரும்பும் நட்டு அது.

அன்றைக்கு நான் இவ்வளவும் யோசிக்கவில்லை. கயிறு மாற்றினேன்: எட்டு மி.மீ. கயிறு, நாலு வளையம், முனைகளைச் சாய்வாக வெட்டி, ஒட்டுகள் ஒரே நேராக வராமல் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தள்ளி. அதில் குறையில்லை. நட்டை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். மரையில் மரைப் பசை விட்டேன். பெட்டியில் சிவப்புதான் இருந்தது. அதையே விட்டேன்.

மரைப் பசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நல்ல சரக்கு அது. 1950-களில் வெர்னான் கிரீபிள் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் சந்தைக்குக் கொண்டுவந்தது. காற்று இருக்கும் வரை திரவமாகவே இருக்கும். இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே காற்றில்லாமல் மாட்டிக்கொண்டால் கெட்டியாகிவிடும். பாட்டிலை முழுசாக நிரப்பாமல் விற்பதும் அதனால்தான், காற்று தீர்ந்தால் பாட்டிலுக்குள்ளேயே இறுகிவிடும். நிறத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஊதா, சின்னத் திருகுகளுக்கு, லேசான பிடி. நீலம், பானாவால் கழற்றக்கூடிய பிடி. சிவப்பு, கழற்ற எண்ணமே இல்லாத இடத்துக்கு. சிவப்பைக் கழற்ற வேண்டுமென்றால் 250 டிகிரிக்கு மேல் சூடு காட்ட வேண்டும். ஃபைபர் படகுக்குள், டீசல் வாடைக்கு நடுவில், பிசினில் செய்த உடம்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் யார் நெருப்பைக் காட்டுவது?

கயிறு தேயும், தேயத் தேய நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்ப வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தே, "இனி கழலாது" என்று மட்டும் நினைத்துச் சிவப்பை விட்டேன். அண்ணன் நீளப் பானாவால் செய்ததையே நான் ஒரு பாட்டிலால் செய்தேன்.

மூன்று மாதம் நட்டு அசையவில்லை.

ஆடி மாதம். கச்சான் (தென்மேற்குக்) காற்று அடித்துக்கொண்டிருந்தது, தென்கடல் கொந்தளிப்பு. வல்லங்கள் எல்லாம் பாம்பன் வடக்குப் பக்கம் வந்துவிட்டன. கயிறு தேய்ந்து சொட்டு ஒழுக்காக மாறியிருக்கிறது. அண்ணனின் மருமகன், படகில் இன்ஜின் பார்ப்பவன், அரைச் சுற்று இறுக்கலாம் என்று பானா வைத்திருக்கிறான். நட்டு திரும்பவில்லை. பானாவில் பைப்பைச் சொருகித் திருப்பியிருக்கிறான். ஸ்டட் அடியோடு ஒடிந்தது. வளையத்தின் ஒரு பக்கம் விட்டுப்போய், கரைக்கு வரும் வரை இரண்டு பேர் மாறி மாறித் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள்.

"தம்பி, நீ போட்டது நட்டா, சமாதியா?" என்று கேட்டார் அண்ணன். நியாயமான கேள்வி.

ஒடிந்த ஸ்டட்டைப் பார்த்தேன். சாதா இரும்பு. மரைப் பள்ளங்களில் உப்பு தின்று, 10 மி.மீ. என்பது நடுவில் 7 மி.மீ.கூட இல்லை. இந்தக் கரையில் மரை என்பதே உப்பு போய் உட்காருவதற்குச் செய்து வைத்த பள்ளம். வழியிருக்கிறவர்கள் மரையையே தவிர்த்துவிடுகிறார்கள். பட்டறைத் திண்ணையிலிருந்து தெரிகிற பாலங்களைப் பாருங்கள்: 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இரும்பை ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் வெல்டிங். கிளாண்டுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அது திரும்பியே ஆக வேண்டும்.

இந்தத் தடவை படகைக் கழுவிக் கரையேற்றி, நிதானமாக மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். முதல் தடவை நான் கேட்காத கேள்வியைக் கேட்டேன்: கிளாண்ட் ஏன் இவ்வளவு ஆடுகிறது? பக்கத்து வல்லங்களிலும் இதே இன்ஜின், இதே கிளாண்ட்தான். அங்கே ஒரு பூட்டு நட்டோடு வருஷக்கணக்கில் ஓடுகிறதே.

இன்ஜினின் நாலு மூலையிலும் இருக்கும் அடிப்போல்ட்டுகளில் பானா வைத்தேன். மூன்று, இறுக்கமாக இருப்பதுபோல் நடித்தன. நான்காவது, இடது பின்மூலையில் இருப்பது, கையோடு சுற்றியது. இன்ஜின் உட்காரும் கட்டைக்கு வெளியே ஃபைபர் போர்த்தியிருந்தது. போல்ட்டுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே மரம் மெத்தையாகிவிட்டது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் அரை விரல் உள்ளே போனது. சின்ன வாசர் மரத்துக்குள் புதைந்து கிடந்தது.

அப்போதுதான் கதை தலைகீழாகப் புரிந்தது. கட்டை அமுங்க, அடிப்போல்ட்டின் இழுவிசை போயிற்று. இன்ஜின் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தது. ஷாப்ட் கோணலாகச் சுற்றியது. கிளாண்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆட்டம் வாங்கியது. நட்டு கழன்றது கடைசி அத்தியாயம்.

அடிப்போல்ட்டுகள் இறுக்க வேண்டிய வகை, அதுவும் நன்றாக. 12 மி.மீ., 8.8 தரப் போல்ட்டை அதன் அளவுக்கு இறுக்கினால் உள்ளே ஏறக்குறைய மூன்றரை டன் இழுவிசை வரும். அதற்கு 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். கால் மீட்டர் பானாவின் நுனியில் 30 கிலோவுக்கு மேல் தொங்கவிட்ட மாதிரி. அப்படி இறுக்கிய போல்ட்டு ஒரு ஸ்பிரிங் போல நீண்டு நிற்கிறது. எவ்வளவு நீள்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். இரண்டு இரும்புத் தகட்டை மட்டும் பிடிக்கும், 20 மி.மீ. பிடி நீளமுள்ள போல்ட்டு 0.04 மி.மீ. நீளும். வாசருக்கு அடியில் இருக்கும் பெயின்ட் அவ்வளவு அமுங்கினாலே போதும், இழுவிசை மொத்தமும் காலி. அதே போல்ட்டு 100 மி.மீ. பிடித்தால் 0.2 மி.மீ. நீளும். கொஞ்சம் அமுங்கினாலும் மிச்சம் இருக்கும். வாசர் மேல் வாசர் அடுக்கிப் போல்ட்டை நீளமாக்குவதைப் பார்த்து முன்பெல்லாம் சிரித்திருக்கிறேன். அதிலும் அர்த்தம் இருக்கிறது என்று இந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அந்த மூன்றரை டன்னை மரம் தாங்காது. அதனால் கெட்ட மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, புதுக் கட்டை வைத்து, ஃபைபர் போர்த்தச் சொன்னேன். கட்டைக்கு மேலும் கீழும் 8 மி.மீ. இரும்புத் தகடு. இரண்டு தகட்டுக்கும் நடுவே மரத்தைத் துளைத்து ஒரு கனமான பைப்புத் துண்டு, போல்ட்டு அதற்குள். இப்போது போல்ட்டின் இழுவிசை முழுவதும் தகடு, பைப்பு, தகடு என்று இரும்பிலேயே முடிந்துவிடுகிறது, மரம் தன் பாட்டுக்கு இருக்கும். துளையைச் சுற்றி சீலன்ட். அந்தப் போல்ட்டுகளுக்குப் பூட்டு என்று தனியாக எதுவும் நான் போடவில்லை, இழுவிசையே பூட்டு. பத்து மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவை முறுக்குப் பானாவால் சரி பார்த்தேன். ஒன்றே ஒன்று அரைக்கால் சுற்று எடுத்தது.

இன்ஜினையும் ஷாப்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான் நேராக்க வேண்டும். கரையில் உட்கார்ந்திருக்கும் படகின் உடம்பு வேறு மாதிரி வளைந்திருக்கும். நாலு அங்குல முகம், சுற்றிலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்து, இடைவெளி வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வரும் வரை இன்ஜினுக்கு அடியில் தகடு வைத்தேன். இதற்கே ஒரு பகல் போனது.

இனி கிளாண்ட். ஒடிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுத்தேன். துளையில் பழைய மரை போய்விட்டது, வெண்கலத்தில் சதை இருந்ததால் 12 மி.மீ.க்குப் புது மரை எடுத்தேன். ஸ்டட் 316 ஸ்டெயின்லெஸ். நட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விச் சிக்கிக்கொள்ளும். லேத்துக்காரர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள். அதனால் பித்தளை நட்டு. நைலான் வளையம் பதித்த நைலாக் நட்டையும் யோசித்தேன். இழுவிசை இல்லாமலே மரையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்த இடத்துக்குப் பொருத்தம்தான். கடையில் கிடைத்தது துத்தநாக முலாம் போட்டது, இரண்டு மழைக்குள் பழுத்துவிடும். தவிர, அடிக்கடி திருப்பத் திருப்ப நைலானின் பிடி குறைந்துகொண்டே போகும். வேண்டாம் என்று விட்டேன். இரட்டை நட்டுக்கே வந்தேன்.

இரட்டை நட்டுதான் முன்பும் இருந்ததே, கழன்றதே என்று அண்ணன் கேட்டார். சரியான இடத்தில் பிடித்தார். இரட்டை நட்டு பூட்டுவது, இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதால்தான். வெளி நட்டை உள் நட்டின் மேல் இறுக்கும்போது, உள் நட்டு ஸ்டட்டின் மரையை ஒரு பக்கமும் வெளி நட்டு மறுபக்கமும் தள்ளுகின்றன. நட்டுக்கு அடியில் இருக்கும் வளையத்தில் இழுவிசை இருக்கிறதோ இல்லையோ, இரண்டு நட்டுக்கும் நடுவில் இருக்கும் துளியூண்டு ஸ்டட்டில் முழு இழுவிசை வந்துவிடுகிறது. இறுக்கக் கூடாத இடத்தில் இறுக்கத்தைச் சம்பாதிக்கும் தந்திரம் இது. ஆனால் ஒரே பானாவை வெளி நட்டில் வைத்துத் திருப்பினால் உள் நட்டும் கூடவே சுற்றும். சண்டை நடக்காது, இரண்டும் சேர்ந்து ஊர்வலம் போகும். முன்பு பார்த்தவர் அப்படித்தான் செய்திருக்க வேண்டும், உள் நட்டின் முகங்களில் பானா பட்ட தழும்பே இல்லை.

அடுத்தது, எந்த நட்டு கீழே? பட்டறைகளில் பத்துக்கு எட்டுப் பேர் தடித்ததைக் கீழேயும் மெல்லியதை மேலேயும் போடுவார்கள். பார்வைக்கு அதுதான் அழகாக இருக்கும். நான் படிக்கும் காலத்தில் அப்படித்தான் போட்டேன். பூட்டியபின் ஸ்டட்டின் இழுவிசையைச் சுமப்பது வெளி நட்டு. ஆகவே தடித்தது வெளியே, மெல்லியது உள்ளே இருக்க வேண்டும். இரண்டு பித்தளை நட்டை லேத்தில் பாதி உயரத்துக்குக் கடைந்து உள் நட்டாக்கினேன். பானாவையும் கல்லில் தேய்த்து மெல்லியதாக்க வேண்டி வந்தது, இல்லாவிட்டால் இரண்டு நட்டையும் சேர்த்துக் கவ்வும்.

சொட்டு வைக்கும் வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் கை வேண்டும். படகைத் துறையில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, இன்ஜினைக் குறைந்த வேகத்தில் கியரில் ஓட விட்டோம். மருமகன் டார்ச் பிடித்தான். உள் நட்டுகளை இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும். ஆறு முக நட்டில் ஒரு முகம் என்றால் 12 மி.மீ. மரையில் 0.3 மி.மீ.கூட நகராது. ஒரு முகம் திருப்பி, பத்து நிமிஷம் காத்திருந்து, சொட்டை எண்ணி, கிளாண்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, அடுத்த முகம். நிமிடத்துக்கு ஐந்து சொட்டு வந்ததும் நிறுத்தினேன். "இன்னும் ரெண்டு சொட்டு குறைக்கணும்ணே" என்றான் பையன். பூட்டும்போது அதுவே குறையும் என்றேன். வெளி நட்டு உள் நட்டை அமுக்கும்போது, மரையில் இருக்கும் இடைவெளி அளவுக்கு உள் நட்டு வளையத்தின் பக்கம் நகரும். மெல்லிய பானாவை உள் நட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் வெளி நட்டை இறுக்கினேன். எண்ணினான். மூன்று.

மிச்சம் இருந்தது ஒரு சின்னத் திருகு. இன்ஜினின் குறைந்த வேகத்தை நிறுத்தி வைக்கும் 6 மி.மீ. திருகு தானாகத் திரும்பி, வலை வாங்க நிற்கும் நேரத்தில் இன்ஜின் அணைந்துவிடும். அதன் பூட்டு நட்டின் மரை கழன்றிருந்தது. இந்தத் திருகுக்கு வேண்டியது மூன்றாவது வகைக் குணம்: ஆள் திருப்பினால் திரும்ப வேண்டும், தானாகத் திரும்பக் கூடாது. பழைய மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் திருகின் தலைக்கு அடியில் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்குமே, அது இதற்குத்தான். எங்கே நின்றாலும் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும், மரையில் பிடி இருந்துகொண்டே இருக்கும். ஸ்பிரிங் நுழைய இங்கே இடமில்லை. நீல மரைப் பசை எடுக்கப் போனேன். மருமகன் வலையிலிருந்து ஒரு துண்டுத் தங்கூசியை அறுத்து நீட்டினான். "எங்க அய்யா இதத்தான் வைப்பாரு." நாலு பாயின்ட் நரம்பு, அதாவது 0.4 மி.மீ. நைலான். துளைக்குள் நீளவாக்கில் விட்டு, அதோடு சேர்த்துத் திருகை ஏற்றினான். மரைப் பள்ளத்தில் நசுங்கிக்கொண்டு நைலான் உட்கார்ந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பல்லால் கடித்துத் துப்பினான். திருகைத் திருப்பிப் பார்த்தேன். வெண்ணெயில் திருப்புவதுபோல ஒரே சீரான கனம். நைலாக் நட்டு செய்வதும் இதைத்தான், இது காசில்லாமல். டெஃப்லான் டேப்பையும் இப்படிச் சுற்றுவார்கள், அது வழுக்கும் சரக்கு, ஆட்டத்தை அடைக்குமே தவிர அதிர்வுக்குத் தாங்காது. புகைக்குழாய்ப் பக்கம் மட்டும் தங்கூசியை வைக்காதீர்கள், சூட்டில் இளகிவிடும்.

கடைசியாக, வெளி நட்டு, உள் நட்டு, ஸ்டட் மூன்றையும் தொட்டு நகப்பூச்சால் ஒரு நேர்கோடு. வீட்டில் மகளிடம் கேட்டு வாங்கி வந்தது. கோடு உடைந்திருந்தால் எந்த நட்டு நகர்ந்தது என்று பானா இல்லாமலே தெரியும்.

முதல் பயணம் முடிந்ததும் பார்த்தேன், கோடு உடையவில்லை. புரட்டாசியில் கயிறு உட்கார்ந்து சொட்டு ஆறாகியிருந்தது. மருமகனே பூட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு முகம் எடுத்து, மறுபடி பூட்டிவிட்டுப் பட்டறைக்கு வந்து நகப்பூச்சுக் கேட்டான். என்னிடம் இருந்தது காய்ந்துவிட்டது. வாடைக் காற்று தொடங்கி வல்லத்தைத் தெற்குப் பக்கம் மாற்றிய பிறகு ஒரு நாள் அந்தப் படகில் ஏறிக் குனிந்து பார்த்தேன். அக்கா வீட்டிலிருந்து எடுத்தானோ என்னவோ, ஜிகினா கலந்த ஊதா நிறத்தில் புதுக்கோடு, துளிகூட உடையாமல் இருந்தது. கீழே எண்ணினேன். மூன்று சொட்டு.